புண் மூடிய பிறகு

சேலம் நகரின் வடக்கு விளிம்பில், சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டி இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. இந்த வட்டாரத்து மனிதர்களின் தோலில் தழும்பு விழும் வழிகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பைக் சைலன்சர் கெண்டைக்காலைச் சுட்டிருக்கும். வெள்ளிப் பட்டறையில் பற்றவைக்கும்போது கையில் தெறித்திருக்கும். விசைத்தறியின் நாடா விரலில் அடித்திருக்கும். நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை என்றால் வெல்டிங் பொறி. வீட்டில் என்றால் பிள்ளை இழுத்துக் கவிழ்த்துக்கொண்ட ரசம், சிசேரியன் தையல், நெஞ்சில் கிள்ளிய பரு, கல்லூரிக்குப் போன பிறகு காதில் இரண்டாவதாகக் குத்திய துளை. இவற்றில் பெரும்பாலானவை ஆறி, மங்கி, நினைவிலிருந்தே போய்விடும்.

சில மட்டும் அப்படிப் போவதில்லை. புண் மூடி, பொருக்கு உதிர்ந்து, வீட்டார் நிம்மதி அடைந்த பிறகு, ஒன்றிரண்டு மாதம் கழித்து அந்த இடம் சிவக்கத் தொடங்கும். நமைக்கும். தடிக்கும். பிறகு ரப்பர் போலக் கெட்டியாகி மேலே எழும்பும். சட்டை உரசினால் சுள்ளென்று குத்தும். "சதை வளந்துகிட்டே போவுதுங்க" என்பார்கள். மிகச் சரியான விவரிப்பு அது. மருத்துவப் புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்வதும் அதைத்தான்: தழும்பு என்று நாம் நினைப்பது முடிந்துபோன காயத்தின் அடையாளம், இந்தத் தடித்த தழும்போ உயிரோடு, ரத்த ஓட்டத்தோடு, நரம்புகளோடு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் திசு. அந்த வேலை நிற்கவில்லை என்பதுதான் நோய். புண் மூடியதும் சிகிச்சை முடிந்தது என்று நினைக்கிறோம். தடித்த தழும்பைப் பொறுத்தவரை சிகிச்சைக்கு மிக ஏற்ற காலம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

நிற்காத அந்த வேலை என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். தோல் கிழிந்த சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து கசிவை அடைக்கிறது. அடுத்த சில நாட்களுக்கு வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த செல்களையும் அப்புறப்படுத்துகின்றன. காயம் சிவந்து, வீங்கி, சுடுவது இந்தக் கட்டத்தில். பிறகு ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் வருகின்றன. கொலாஜன் என்ற புரத இழையைச் செய்பவை இவைதான். நம் தோலின் அடிப்படலத்தில் நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் பெரும்பகுதி கொலாஜன்தான். காயத்தில் அவசரத்துக்கு முதலில் மெலிந்த மூன்றாம் வகைக் கொலாஜன் போடப்படுகிறது. பின்னர் மாதக் கணக்கில் அது கரைக்கப்பட்டு, உறுதியான முதல் வகைக் கொலாஜன் அந்த இடத்துக்கு வருகிறது. ஒரு பக்கம் கட்டுவதும் மறுபக்கம் கரைப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். மூன்று வாரத்தில் அந்த இடத்தின் வலிமை பழைய தோலில் ஐந்தில் ஒரு பங்குதான். ஓராண்டு கழித்தும் அது 80 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை.

சேலத்துக்காரர்களுக்குத் தறியை வைத்துச் சொன்னால் புரியும். காயம்படாத தோலில் கொலாஜன் இழைகள் பாவும் ஊடுமாகக் குறுக்கும் நெடுக்கும் பின்னியிருக்கின்றன. அதனால்தான் எந்தப் பக்கம் இழுத்தாலும் தோல் நெகிழ்ந்து பழைய நிலைக்கு வருகிறது. தழும்பில் இழைகள் ஒரே திசையில் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். கீலாய்டு எனப்படும் தீவிரமான வகையில் தடித்த இழைகள் ஒழுங்கில்லாமல் திரண்டு கிடக்கும். அங்கே சாதாரணத் தோலில் நடப்பதைப் போலச் சுமார் 20 மடங்கு கொலாஜன் உற்பத்தியாகிறது. வேலை முடிந்ததும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் தாமாகவே மடிந்து குறைய வேண்டும். கீலாய்டில் அவை மடியாமல் தங்கிவிடுகின்றன. 'இன்னும் கட்டு' என்று அவற்றைத் தூண்டும் வேதிச் சமிக்ஞைகளில் முக்கியமானது டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம். புண் ஆறுவதற்கு அது தேவை. ஆறிய பிறகும் அடங்காவிட்டால் அதுவே தொல்லை.

தடித்த தழும்புகள் இரண்டு வகை. இந்த வேறுபாடு தெரியாமல் வைத்தியத்தில் இறங்குவது ஆபத்து. ஹைப்பர்ட்ராபிக் தழும்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே தடிக்கும். நாலு முதல் எட்டு வாரத்துக்குள் தலைகாட்டும். ஆறேழு மாதம் மூர்க்கமாக இருந்துவிட்டு, ஓரிரு ஆண்டுகளில் தானாகவே ஓரளவு தணியும். கீலாய்டு அப்படியில்லை. அது காயத்தின் கரையைத் தாண்டி, அடிபடாத நல்ல தோலுக்குள்ளும் பரவும். காயம் பட்டு ஓராண்டு கழித்துக்கூடத் தொடங்கலாம்; தானாகத் தணிவது அரிது. வெட்டி எடுத்தால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் இதை விரிவாக எழுதிய தோல் மருத்துவர் ஜான் லூயி அலிபேர், பக்கங்களில் கால் நீட்டி ஊரும் அதன் வடிவத்தைப் பார்த்து, நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார். நெஞ்செலும்பின் மேல் வரும் கீலாய்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்த வேறுபாட்டை உலகம் மிகக் கொடூரமான ஒரு நிகழ்விலும் கண்டது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டின் வெப்பத்தில் வெந்தவர்களுக்கு அடுத்த ஆண்டு முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் தடித்த தழும்புகள் கிளம்பின. ஜப்பானியர் அவற்றைக் கீலாய்டு என்றே அழைத்தார்கள். உயிர் தப்பியவர்களின் அடையாளமாகவே அந்தச் சொல் ஆகிவிட்டது. 1946, 1947இல் உச்சத்துக்குப் போன அந்தத் தழும்புகளில் பல, பின்னர் மெல்ல மெல்லத் தணிந்தன. அதாவது அவற்றில் பெரும்பகுதி ஹைப்பர்ட்ராபிக் வகை. ஆனாலும் இழுத்துக்கொண்ட கண்ணிமையும் மடங்கிப்போன விரல்களும் தாமாக நேராகவில்லை. 1955இல் 25 இளம்பெண்கள் அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் நூற்றுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைச் செய்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் 1956இல் அறுவையின்போது இறந்தார். தழும்பு என்றாலே அழகுப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும். சாப்பிடவும், கண்ணை மூடித் தூங்கவும், கையால் ஒரு டம்ளரைப் பிடிக்கவும்தான் அவர்களில் பலர் அந்தக் கத்திக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள்.

யாருக்கு வரும், எங்கே வரும்? கறுத்த தோலுக்கு இது அதிகம் வரும். ஆப்பிரிக்க, ஆசிய மக்களிடம் வெள்ளையரைவிடப் பல மடங்கு. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும் வாய்ப்பு கூடும். பத்து வயதிலிருந்து முப்பது வரை உச்சம். பருவமடையும்போதும் கர்ப்பக் காலத்திலும் சில கீலாய்டுகள் வேகம் பிடிக்கின்றன. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கானோரின் மரபணுத்தொகையை ஒப்பிட்டு, கீலாய்டோடு தொடர்புள்ள சில இடங்களைக் குரோமோசோம்களில் சுட்டிக்காட்டினார்கள். ஆனாலும் ஆராய்ச்சி மெதுவாகத்தான் நகர்கிறது. காரணம் விந்தையானது: மனிதர்களுக்கு வருவதுபோலக் கீலாய்டு விலங்குகளுக்கு வருவதில்லை. எலியிலோ முயலிலோ மருந்தைச் சோதித்துவிட்டு மனிதனிடம் வரும் வழக்கமான பாதை இங்கே பாதி அடைபட்டிருக்கிறது.

இடம் பற்றிய கேள்வி இன்னும் சுவையானது. நெஞ்சின் நடு, தோள்பட்டை, முதுகின் மேற்புறம், தாடை ஓரம், காது: கீலாய்டுக்குப் பிடித்த இடங்கள் இவை. மேல் கண்ணிமையில் அது வருவது மிக அரிது. உள்ளங்கை, உள்ளங்காலிலும் அப்படியே. டோக்கியோவின் நிப்பான் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரெய் ஒகாவா, இந்த வரைபடத்துக்குப் பின்னால் இழுவிசை இருக்கிறது என்று பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறார். மூச்சுவிடும் ஒவ்வொரு முறையும் நெஞ்சுத் தோல் இழுபடுகிறது. கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தோள் தோல் இழுபடுகிறது. கீலாய்டும் அந்த இழுப்பின் திசையிலேயே நீள்கிறது: நெஞ்சில் நண்டின் கொடுக்குப்போல, தோளில் வண்ணத்துப்பூச்சி வடிவில். இமைத் தோலில் இழுப்பு மிகக் குறைவு. அங்கே கீலாய்டும் அரிது. செல்கள் தம்மைச் சுற்றியுள்ள இழுப்பை உணர்ந்து, அதற்கேற்பக் கொலாஜன் செய்கின்றன என்பது இப்போது நன்கு தெரிந்த உண்மை.

நம்மில் பெரும்பாலோரின் இடது தோளில் பிறந்ததும் போடும் பிசிஜி ஊசியின் தழும்பு உண்டு. அது கீலாய்டு எளிதில் வரக்கூடிய தோள்பட்டைத் தசைமேல் போடப்படுகிறது. பெரும்பாலோருக்கு அது சின்னக் குழியாக நின்றுவிடும். ஆனால் ஒருவருக்கு அந்தத் தழும்பு தடித்து, பக்கங்களில் பரவியிருந்தால், அவருடைய உடம்பு தன் சுபாவத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவர் மூக்குக் குத்துவதற்கும், பச்சை குத்துவதற்கும், அவசியமில்லாத மச்சத்தை எடுப்பதற்கும் முன்னால் இரண்டு முறை யோசிக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் மருத்துவரிடம் அந்தத் தோளைக் காட்டிவிட வேண்டும்.

காதுமடல் இந்த விதிக்குள் அடங்காத இடம். அங்கே இழுப்பு குறைவு, ஆனாலும் கீலாய்டு நிறைய. துளையில் திரும்பத் திரும்ப ஏற்படும் உரசலும், கிருமித்தொற்றும், நிக்கல் கலந்த மலிவான கம்மலுக்கு வரும் ஒவ்வாமையும் அங்கே அழற்சியை அணையவிடுவதில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, பத்தர் வந்து காது குத்தும் நம் வழக்கத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல பக்கம் உண்டு: அது சின்ன வயதில் நடந்துவிடுகிறது. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 11 வயதுக்கு முன் காது குத்தியவர்களைவிட, அதற்குப் பிறகு குத்தியவர்களுக்கே கீலாய்டு அதிகம் வருவதைக் கண்டது. எனவே நம் ஊர்களில் கீலாய்டைக் கொண்டுவருவது பெரும்பாலும் முதல் துளை இல்லை. பதினெட்டு, இருபது வயதில் மடலின் மேற்புறக் குருத்தெலும்பில் குத்திக்கொள்ளும் இரண்டாவது, மூன்றாவது துளை. முதல் துளையிலேயே தடிப்பு வந்த பெண், பக்கத்தில் இன்னொன்று குத்துவது கூடவே கூடாது.

இப்போது வலிக்கும் அரிப்புக்கும் வருகிறேன். இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் சொல்ல விரும்புவது இதைத்தான், ஏனென்றால் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். தடித்த தழும்பு உள்ளவரிடம் பேசினால், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதை முதலில் சொல்லமாட்டார். ராத்திரி தூக்கம் வரவில்லை என்பார். நமைச்சல் சாயங்காலத்துக்கு மேல் கூடும், போர்வை பட்டால் கூடும், வேர்த்தால் கூடும். சொறிந்தால் நிற்கும் நமைச்சல் இல்லை இது. சொறிந்தால் தோல் பிய்ந்து ரத்தம் வரும், அழற்சி ஏறும், தழும்பு மேலும் தடிக்கும். கீலாய்டில் பெரும்பாலும் அரிப்பு விளிம்பிலும், வலி நடுவிலும் இருக்கும். விளிம்புதான் வளர்ந்துகொண்டிருக்கும் பகுதி; அங்கே ஹிஸ்டமினைச் சுரக்கும் மாஸ்ட் செல்கள் நிறைய. நடுவில் இறுகிப்போன கொலாஜன் மெல்லிய நரம்பிழைகளை நெருக்குகிறது. சூடும் குளிரும் உணரும் திறன் அங்கே மாறிப்போகிறது. நோயாளி 'ஊசி குத்துற மாதிரி, மின்சாரம் அடிக்கிற மாதிரி' என்று சொல்வது மிகைப்பேச்சு இல்லை. நரம்பு வலியின் மொழி அது. அதனால்தான் சாதாரண வலிமாத்திரை அங்கே அதிகம் உதவுவதில்லை. அரிப்புக்குத் தரும் செட்ரிசின் வகை மாத்திரை ஓரளவு கேட்கும். தீக்காயத் தழும்பின் தீராத அரிப்புக்கும் வலிக்கும் நரம்பு வலிக்கான கேபாபென்டின் போன்ற மருந்துகள் கூடுதல் பலன் தருகின்றன. மருத்துவர் எழுதித் தர வேண்டியவை இவை. நோயாளி வாயைத் திறந்து அரிப்பைப் பற்றிச் சொன்னால்தான் எழுதித் தருவார். 'தழும்புதானே, அரிக்கத்தான் செய்யும்' என்ற பதிலோடு திருப்பி அனுப்பப்படும் எவரும் இன்னொரு மருத்துவரைப் பார்ப்பதில் தவறே இல்லை.

ஆழமான தீக்காயத்தில் இன்னொரு துன்பம் சேர்கிறது. வியர்வைச் சுரப்பிகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் வெந்துபோய்விடுகின்றன. தழும்போ, ஒட்டிய தோலோ அவற்றைத் திரும்ப உண்டாக்குவதில்லை. அந்த இடம் வறண்டு வெடிக்கும். உடம்பின் பெரும்பகுதி வெந்தவருக்கு வியர்வை வழியாக வெப்பத்தை வெளியேற்றும் திறனே குறைந்துபோகும். வெயில் 40 டிகிரியை நெருங்கும் சேலத்துச் சித்திரை மாதத்தில், ஓட்டுக்கூரைக்குக் கீழே, அப்படிப்பட்ட தோலோடு வாழ்வது என்ன என்பதை மற்றவர்கள் நினைத்துப்பார்க்க வேண்டும். ஈரத்துணி, மின்விசிறி, நிழலில் வேலை, அடிக்கடி தண்ணீர்: இவை அவருக்கு மருந்துக்குச் சமம். ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை தேங்காய் எண்ணெயோ வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரோ தடவி, மேல்தோல் உரியாத அளவுக்கு விரலால் அழுத்தித் தேய்ப்பது வறட்சியையும் அரிப்பையும் குறைக்கிறது, தழும்பை நெகிழவைக்கிறது. செலவில்லாத நல்ல வைத்தியம் அது.

வைட்டமின் ஈ கேப்சூலை ஊசியால் குத்திப் பிழிந்து தழும்பில் தடவும் பழக்கம் நம்மிடம் பரவியிருக்கிறது. 1999இல் மயாமியில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் அதனால் தழும்பின் தோற்றம் மேம்படவில்லை. தடவியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஒவ்வாமைத் தடிப்பு வந்ததுதான் மிச்சம். அதைவிட மோசமானது சுண்ணாம்பும் வாஷிங் சோடாவும் குழைத்து வைத்து மருவையோ தடிப்பையோ எரிக்கும் வழக்கம். அது ரசாயனத் தீக்காயம். கீலாய்டு வரும் உடம்பில் அதை வைத்தால், சுண்டைக்காய் அளவிருந்தது எலுமிச்சை அளவுக்கு வளரும். காதுமடல் கட்டியை நூலால் இறுக்கிக் கட்டி விழவைப்பதும் அப்படித்தான்.

வெட்டி எடுத்தால் என்ன என்பது எல்லோருக்கும் எழும் கேள்வி. கீலாய்டை வெறுமனே வெட்டித் தைத்தால் 45 முதல் 100 விழுக்காடு வரை திரும்பி வருகிறது. வெட்டுவதும் ஒரு காயம்தானே. எந்த உடம்பு சின்னத் துளைக்கே நிறுத்தத் தெரியாமல் கட்டிக்கொண்டு போனதோ, அதே உடம்புக்கு இப்போது நீளமான ஒரு காயத்தைக் கொடுக்கிறோம். ஆகவே கத்தி வேண்டுமென்றால் அதற்குத் துணை வேண்டும். வெட்டிய ஓரிரு நாளுக்குள் தொடங்கிச் சில அமர்வுகளில் கதிர்வீச்சு கொடுத்தால், திரும்பி வருவது ஐந்தில் ஒருவருக்கு என்ற அளவை ஒட்டிக் குறைகிறது. கீலாய்டுக்கு எக்ஸ் கதிரைப் பயன்படுத்துவது 1906இலேயே தொடங்கிவிட்டது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கூடாது. தைராய்டு, மார்பகம் போன்ற உறுப்புகளுக்கு மேலே மிகுந்த யோசனையோடுதான் செய்வார்கள்.

முதலில் செய்ய வேண்டியது பெரும்பாலும் ஊசிதான். டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டை, தோலுக்கு அடியில் விடாமல், தழும்பின் உள்ளேயே செலுத்த வேண்டும். மில்லிலிட்டருக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரையிலான செறிவில், நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை, பல மாதங்கள். அது ஃபைப்ரோபிளாஸ்ட்களை அடக்கி, அழற்சியைத் தணித்து, கட்டிய கொலாஜன் கரைவதற்கு வழிவிடுகிறது. அரிப்பும் வலியும்தான் முதலில் குறையும், பெரும்பாலும் ஒன்றிரண்டு ஊசிகளிலேயே; தடிப்பு அடங்க அதிக நாள் பிடிக்கும். ஊசி வலிக்கும் என்பதை மறைப்பதில் பயனில்லை. கெட்டியான கீலாய்டுக்குள் மருந்து எளிதில் இறங்காது. முதலில் திரவ நைட்ரஜனால் உறையவைத்து இளக்குவதும், மரத்துப்போகும் மருந்தைச் சேர்ப்பதும் உண்டு. மருந்து பக்கத்துத் தோலுக்குள் கசிந்தால் அந்த இடம் மெலிந்து வெளுக்கும். நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும், பல மாதம் கழித்துத்தான் நிறம் திரும்பும். பெண்களுக்கு மாதவிடாய் முன்பின் ஆகலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை ஏறலாம். இவற்றை முன்பே சொல்லிவிட்டால் நோயாளி பயந்து பாதியில் நிறுத்தமாட்டார். ஸ்டீராய்டோடு 5-ஃப்ளூரோயூராசில் என்ற மருந்தைக் கலந்து போடும் முறையும் இப்போது பரவலாகியிருக்கிறது. அதில் தோல் மெலிவது குறைவு. சிவந்த, புதிய தழும்புகளுக்கு லேசர் உதவுகிறது; ஆனால் தனியார் மருத்துவமனைக் கட்டணத்துக்கு ஈடான பலன் பழைய கீலாய்டில் கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

வலியில்லாத ஒரு வழி சிலிக்கான் ஷீட். 1982இல் ஆஸ்திரேலியாவில் தீக்காயத் தழும்புகளின் மேல் இதன் பயன் முதன்முதலாகப் பதிவானது. ஒரு நாளைக்கு 12 மணி நேரமாவது, குறைந்தது இரண்டு மூன்று மாதம் ஒட்டியிருக்க வேண்டும். அது மருந்து எதையும் தோலுக்குள் அனுப்புவதில்லை. ஈரம் ஆவியாகிப் போவதைக் குறைக்கிறது, அந்த ஈரப்பதம் கீழேயுள்ள செல்களை அமைதிப்படுத்துகிறது என்பதே இப்போதைய விளக்கம். இன்னொன்று அழுத்த உடை. 1970களில் அமெரிக்காவின் கால்வெஸ்டனில் ஷ்ரைனர்ஸ் தீக்காய மருத்துவமனை இதை நிலைநாட்டியது. அளவெடுத்துத் தைத்த இறுக்கமான உடையை ஒரு நாளில் 23 மணி நேரம், ஓராண்டு வரை அணிய வேண்டும். காது கீலாய்டு எடுத்தவர்களுக்கு அழுத்தக் கம்மல் உண்டு. கையேடுகளில் எளிதாக இருக்கும் இந்த 23 மணி நேரம், கொண்டப்பநாயக்கன்பட்டியின் மே மாதத்தில் வேறொன்றாக ஆகிவிடுகிறது. ஷீட்டுக்கு அடியில் வியர்க்குரு, உடைக்கு அடியில் புழுக்கம். நோயாளி கழற்றி வீசிவிட்டால், ஒத்துழைக்கவில்லை என்று மருத்துவக் குறிப்பில் எழுதிவிடுவார்கள். அப்படி எழுதுவதைவிட, ஷீட்டை ராத்திரியில் மட்டும் ஒட்டச் சொல்வது, இரண்டு வேளை சோப்புப் போட்டு அலசிக் காயவைக்கச் சொல்வது, மாற்றிப் போட இரண்டு ஜோடி உடை கொடுப்பது, பகலில் ஜெல் தடவச் சொல்வது எவ்வளவோ மேல். இந்த ஊரின் வெயிலுக்கு ஏற்ற விதிமுறையை இந்த ஊரின் மருத்துவர்கள்தான் எழுத வேண்டும்.

சின்னத் தழும்பிலிருந்து பெரிய தீக்காயத்துக்கு வந்தால் காலத்தின் கணக்கு இன்னும் கடுமையாகிறது. 1983இல் வெளியான ஓர் ஆய்வு இன்றும் மருத்துவர்களுக்கு வழிகாட்டி: 14 முதல் 21 நாளுக்குள் ஆறிய தீக்காயங்களில் மூன்றில் ஒரு பங்கு தடித்த தழும்பானது, 21 நாளைத் தாண்டி ஆறியவற்றில் 78 விழுக்காடு. ஆகவே மூன்று வாரத்தில் ஆறாது என்று தெரிந்தால் காத்திருக்காமல் தோல் ஒட்டுவது நல்லது. அதற்கும் முன்னால், சுட்ட நிமிடமே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடிப்பது. பற்பசை, இங்க், மஞ்சள், தோசை மாவு எதுவும் வேண்டாம், தண்ணீர் மட்டும். புண்ணின் ஆழம் குறைந்தால் ஆறும் நாள் குறையும், ஆறும் நாள் குறைந்தால் தழும்பு குறையும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சத்துணவுச் சமையலறையிலிருந்து கீற்றுக்கூரைக்குத் தாவிய தீயில் 94 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். தமிழ்நாடு அந்த எண்ணை மறக்கவில்லை. தீக்காயத்தோடு உயிர் பிழைத்த பிள்ளைகளைப் பற்றி நாம் பேசியது குறைவு. ஒரு குழந்தையின் தீக்காயத் தழும்புக்குத் தனிக் கொடுமை உண்டு: குழந்தை வளரும், தழும்பு கூடவே வளராது. தழும்புக்குள் இருக்கும் மயோஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் தசைபோலச் சுருங்கும் தன்மை உடையவை. அக்குளிலோ, முழங்கையிலோ, கழுத்திலோ, விரலிடுக்கிலோ அது சுருங்கினால் மூட்டு மடங்கியே நின்றுவிடும். எலும்பு நீளும்போது தழும்பு இழுக்கும். முகவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. அதனால்தான் தீக்காயப் பிரிவில் கழுத்துக்குக் கீழே தலையணை வைக்க வேண்டாம் என்று செவிலியர் கண்டிப்பாகச் சொல்கிறார். மடக்கினால் வலி குறையும், ஆனால் வலி குறைந்த அந்த நிலையிலேயே மூட்டு இறுகிவிடும். ஸ்பிளிண்ட் கட்டுவதும், அழுதாலும் விடாமல் தினமும் மூட்டை நீட்டுவதும் அறுவைச் சிகிச்சையில் பாதி. இருந்தும் இறுகினால் தழும்பைக் குறுக்கே விடுவித்துத் தோல் ஒட்ட வேண்டும், அல்லது இசட் வடிவில் வெட்டித் திருப்பித் தைத்து நீளம் கூட்ட வேண்டும். வளர்ச்சி நிற்கும்வரை ஒரே பிள்ளைக்குச் சில முறை இது தேவைப்படலாம். சுருக்கம் விடுபட்டு இழுப்பு தளர்ந்தால், பக்கத்துத் தடிப்பும் தானாக இளகுவதைப் பார்க்கலாம்; ஒகாவா சொன்ன இழுவிசை இங்கேயும் வேலை செய்கிறது.

பல ஆண்டுகள் அமைதியாக இருந்த தீத்தழும்பைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. அதன் மேல் புதிதாக ஒரு புண் தோன்றி, வாரக் கணக்கில் ஆறாமல், விளிம்பு தடித்து நாற்றமெடுத்தால், அது மார்ஜோலின் புண் என்ற புற்றுநோயாக இருக்கலாம். தீக்காயம் பட்டு இருபது, முப்பது ஆண்டு கழித்து வருவது அது. கட்டுப்போட்டுக்கொண்டே இருக்காமல் சதைத்துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

இத்தனையும் தெரிந்த பிறகும், கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட ஒரு விசைத்தறித் தொழிலாளியின் நிலைமையை எண்ணிப்பார்க்கிறேன். மாதம் ஒருமுறை ஊசிக்காகச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். ஊசி இலவசம், ஆனால் ஒரு நாள் கூலி போகும். மூன்றாவது ஊசியில் அரிப்பு நின்றதும் அவர் வருவதை நிறுத்துவார். தடிப்பு பாதிதான் அடங்கியிருக்கும். ஓராண்டில் திரும்ப எழும்பும். இதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. புண் மூடிய எட்டாவது வாரத்தில் யாராவது அவர் காலைப் பார்த்திருந்தால், அப்போதே சிலிக்கான் ஜெல்லும் ஓரிரு ஊசியும் போதுமாக இருந்திருக்கும்.

அப்படிப் பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் விரிந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வந்து மூட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். தீக்காயப் பிரிவிலிருந்தும் அறுவைப் பிரிவிலிருந்தும் வீடு திரும்புகிறவர்களின் பட்டியல் அந்தந்த ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போனால் போதும். எட்டாவது வாரத்தில் அதே ஊழியர் கதவைத் தட்டி, தழும்பைத் தொட்டுப் பார்த்து, மூன்று கேள்விகள் கேட்கலாம்: தடித்திருக்கிறதா, ராத்திரி அரிக்கிறதா, மூட்டை முழுசாக நீட்ட முடிகிறதா. ஒன்றுக்காவது பாதகமான பதில் வந்தால் அன்றே தோல் நோய்ப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கலாம்.